ஐந்து விசிறி

தஞ்சாவூரில் கோடையை எங்கே கழிப்பது என்ற கேள்விக்கு, சோழர்களுக்கும் நாயக்கர்களுக்கும் மராட்டியர்களுக்கும் வெள்ளைக்காரர்களுக்கும் அகப்படாமல் போன விடை தன் கையில் அகப்பட்டுவிட்டதாக நீலமேகம் அறிவித்தான். சித்திரை மாதத்து மத்தியானம். கீழவாசலில் மீரா உசேனின் அச்சாபீஸ். சொன்னவன் முகத்தில் சிரிப்பின் சாயல்கூட இல்லை. அது எப்போதுமே இருக்காது. மூன்று வருஷக் கல்லூரிப் படிப்பில் அவன் சம்பாதித்த ஒரே சொத்து அந்த முகம்தான்.

"நாலு ராஜாங்கம் வந்து போயிருக்கு பாய். ஒருத்தருக்கும் தோணலை," என்றான்.

மீரா உசேன் புரூஃபிலிருந்து தலையைத் தூக்கவில்லை. 'கீழவாசல் முரசு' என்ற வாரப் பத்திரிகைக்கு அவர்தான் ஆசிரியர், அவர்தான் முதலாளி, வியாழக்கிழமை கட்டுக்கட்டித் தபாலாபீசுக்குத் தூக்கிக்கொண்டு போகிறவரும் அவர்தான்.

"அஞ்சாவதா இப்ப ஒரு ராஜாங்கம் நடக்குதே, அதை விட்டுட்டியே தம்பி."

"அவங்க பொருட்காட்சி போட்டாங்க. முயற்சி பண்ணாங்கன்னு ரெண்டு விசிறி குடுத்தாச்சு."

விசிறி என்பது நீலமேகம் வைத்திருந்த அளவுகோல். கோடை பிறந்ததும் பாய்க்கு ஒரு யோசனை வந்திருந்தது. கல்யாண வாழ்த்தும் கண்ணீர் அஞ்சலியும் போட்டே பத்திரிகை நடத்தி அவர் அலுத்துப்போயிருந்தார். லீவுக்கு வருகிற ஜனம் எங்கே போகலாம், என்ன பார்க்கலாம், எங்கே சாப்பிடலாம் என்று வாரம் ஒரு பக்கம் போட்டால் ஓட்டல்காரர்களும் கொட்டகைக்காரர்களும் விளம்பரம் தரமாட்டார்களா? எழுதுவதற்கு, வெயிலில் அலையப் பயப்படாத ஓர் ஆள் வேண்டும். விடுதிச் சாம்பாரில் பருப்பு காலமானதற்குக் கல்லூரிக் கையெழுத்துப் பத்திரிகையில் இரங்கல் கட்டுரை எழுதி, ஒரு வாரம் வகுப்புக்கு வரக்கூடாது என்று விரட்டப்பட்ட பையன் ஒருத்தன் இருப்பதாகக் கேள்விப்பட்டு, பாய் ஆளனுப்பினார். திருவிடைமருதூரில் இருந்த வீட்டுக்கு லீவுக்குப் போகாமல் நீலமேகம் தஞ்சாவூரிலேயே தங்கிவிட்டான். 'விசிறி' என்று புனைபெயர். போகிற இடத்துக்கெல்லாம் ஒன்று முதல் ஐந்து விசிறி வரை மதிப்பு. ஐந்து விசிறி அதுவரை எந்த இடமும் வாங்கவில்லை.

மூன்று வாரம் அலைந்திருந்தான். பொருட்காட்சியில் தட்டைவிடப் பெரிய அப்பளம் தின்றான். கழுத்துக்குக் கீழே உடம்பில்லாத பெண்ணைப் பார்த்தான். அவளுக்கும் வேர்த்துக்கொண்டிருந்தது, துடைத்துக்கொள்ளக் கைதான் இல்லை. இளநீரா மோரா என்று ஒரு பட்டிமன்றம் கேட்டான். நடுவர் கடைசிவரை சோடா குடித்தார். கட்சிப் பொதுக்கூட்டத்துக்குப் போனான். வரவேண்டிய பேச்சாளர் வரும்வரை மற்றவர்களெல்லாம் அவர் வந்துகொண்டிருப்பதைப் பற்றியே அடுக்குமொழியில் பேசினார்கள், அவர் வந்ததும் நேரமாகிவிட்டது என்று சொல்லி விடைபெற்றார். சபாவில் கச்சேரி, முன்வரிசை முழுக்கப் பனையோலை விசிறி ஆடியதில் ஒன்றுகூடத் தாளத்துக்கு ஆடவில்லை. 'குளுகுளு அறை உண்டு' என்று போர்டு வைத்த ஓட்டலில் ஈர வெட்டிவேர்த் தட்டியை ஜன்னலில் கட்டிவைத்து, அதன் அடியில் சர்வர் தூங்கினார். எல்லாவற்றையும் நாலாவது வாரத்துக்கு முன்னாலேயே எழுதித் தீர்த்துவிட்டான். ஊரில் இடம் தீர்ந்துபோனது. வெயில் தீரவில்லை.

"அப்ப எந்த எடம்தான் அகப்பட்டுச்சு? சொல்லு."

"குத்தகைக் கோர்ட்டு."

மீரா உசேன் இப்போதுதான் தலையைத் தூக்கினார்.

முந்தின நாள் உச்சி வெயிலில் நீலமேகம் ஒதுங்கிய இடம் அது. மிராசுதாருக்கும் குத்தகைக்காரருக்கும் உள்ள தகராறை ஒரு டெபுடி கலெக்டர் உட்கார்ந்து விசாரிக்கிற கோர்ட்டு. வெளிச்சுவரில் 'உழுபவருக்கே நிலம்' என்று ஆள் உயர எழுத்தில் எழுதி, கீழே இரண்டு கட்சிக்காரர்களும் தங்கள் தங்கள் கொடியை வரைந்திருந்தார்கள். உழுபவர்கள் அந்தச் சுவரில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தார்கள். மற்ற கோர்ட்டுகள் கோடைக்கு மூடிவிடும். இது மூடாது. ஆனியில் வாய்க்காலுக்குத் தண்ணீர் வருவதற்குள் எந்த வயலில் யார் ஏர் பூட்டுவது என்று தெரிந்தாக வேண்டும் என்பதால், சித்திரையும் வைகாசியும்தான் அங்கே கூட்டம் நெரிகிற காலம்.

"பொழுதுபோக்குங்கிறியே, அவனவனுக்கு அது உசிர் போற சமாச்சாரம்பா," என்றார் பாய்.

"நாடகத்துலயும் உசிர்தானே பாய் போவுது. டிக்கெட் வாங்கித்தானே பாக்கிறோம்."

பாய் இரண்டு விரலால் கண்ணைக் கசக்கிக்கொண்டார். அந்த வாரம் ஒரு பக்கம் காலியாக இருந்தது. கொட்டகைக்காரர் விளம்பரத்தை நிறுத்தியிருந்தார். "எழுதிக் குடு," என்றார்.

எழுதியது வியாழக்கிழமை வெளிவந்தது.

'மேலே மின்விசிறி மூன்று, ஒன்று சுற்றும். பானைத் தண்ணீர் இலவசம். காண்டீன் மோரில் இஞ்சி தாராளம். நிலம் என்னுடையது என்று ஒருவர் சொல்வார், உழுதது நான் என்று இன்னொருவர் சொல்வார், அப்புறம் வாருங்கள் என்று மேடைமேல் இருப்பவர் சொல்வார். கதை மாறாதது ஒரு குறைதான். ஆனால் ஊரில் வேறெந்த நாடகத்திலும் இத்தனை உண்மையாக யாரும் களைத்துப்போவதில்லை.

'தவறாமல் பார்க்க வேண்டியது, துணைக்கு வந்தவர்களை. தஞ்சை ஜில்லாவில் ஒரு மனிதர் தனியாக ஆபீசுக்குப் போனதாகச் சரித்திரம் இல்லை. வழக்கு ஒருவருக்கு, வாய்தா ஏழு பேருக்கு. பூதலூர் பாசஞ்சரில் மஞ்சள் பையோடு இறங்கும் ஓர் அம்மாளைக் கவனியுங்கள். பின்னால் ஒரு படையே வரும். அவர்கள் ஒன்றும் பேசமாட்டார்கள். ஒன்றும் செய்யமாட்டார்கள். மத்தியானம் புங்கமரத்தடியில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் புளிச்சோறு சாப்பிடுவார்கள். கை கழுவுவார்கள். மறுபடி உட்காருவார்கள். இதற்காகத்தான் ரயிலேறி வருகிறார்கள். விவசாயம் இவர்களுக்கு உபதொழில். துணைக்குப் போவதே முக்கியத் தொழில். ஐந்து விசிறி.'

"நான் எவனுக்கும் துணைக்குப் போனதும் இல்ல, எவனையும் கூப்பிட்டதும் இல்ல," என்றான் நீலமேகம் பாயிடம், அச்சு மை காயாத தாளை விசிறிக்கொண்டே. "பொறந்தப்பவே தனியாத்தான் வந்தேன்."

"உங்கம்மா கூட இருந்திருப்பாங்களே தம்பி," என்றார் மீரா உசேன்.

அந்த இதழ் விற்றதுபோல எதுவும் விற்றதில்லை. மறுநாளே கோர்ட்டு வாசலில் ஆட்கள் தென்பட்டார்கள். முதலில் பென்ஷன்காரர்கள். அப்புறம் லீவுக்கு வந்த மாப்பிள்ளைகளும் மச்சினர்களும். அப்புறம் பிள்ளைகுட்டிகளோடு குடும்பங்கள். வேர்க்கடலைக்காரர் ஒருவர் கேட்டருகில் நிலைகொண்டார். நீலமேகம் தினமும் போய் உட்கார்ந்தான். தன் எழுத்தின் விளைச்சலை இப்படிக் கண்ணால் பார்க்கிற பாக்கியம் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. பக்கத்தில் உட்கார்ந்த ரிடயர்டு ரயில்வே கார்டு ஒருவர், "விசிறின்னு ஒருத்தர் எழுதறார், படிச்சீங்களா? அவர் சொன்ன எடம் தப்பாது," என்றார். நீலமேகம், "சுமாரா எழுதுவாரு," என்றான்.

அடுத்த வாரம் மஞ்சள் பை அம்மாளின் வாய்தா வந்தது.

நாற்பதை எட்டாத பெண். வெயிலில் உலர்ந்த முகம், ஓயாமல் எதையோ கணக்குப் போடுகிற கண். பின்னால் ஆறேழு பேர். கூடத்துக்குள் நுழைந்து, வழக்கமாகத் தாங்கள் உட்காரும் சுவரோரத்து பெஞ்சைப் பார்த்தார்கள். அதில் கீழவாசல் பட்டுப்புடவைகள் உட்கார்ந்திருந்தன. பூதலூரிலிருந்து வந்தவர்கள் நின்றுகொண்டார்கள். இன்னும் கொஞ்சம் வெள்ளைச் சட்டைகள் வந்ததும், பழக்க தோஷத்தில் ஒதுங்கி வழிவிட்டார்கள்.

டவாலிச் சேவகர் முருகையனுக்கு அன்றைக்குத் தலைவலி. பட்டையை மார்பில் சரிசெய்துகொண்டு கூடத்தின் நடுவில் வந்து நின்றார். "சோலி இல்லாம வேடிக்கை பாக்க வந்தவங்கள்ளாம் வெளில போங்க. காத்து வரணும்," என்றார். வெள்ளைச் சட்டைகள் அசையவில்லை. தங்களைச் சொல்லியிருக்க முடியாது என்று அவர்களுக்கு நிச்சயமாகத் தெரிந்திருந்தது. முருகையனும் அவர்களைப் பார்க்கவில்லை. மஞ்சள் பை அம்மாளுடன் வந்தவர்களைப் பார்த்தார்.

"நாங்க தொணைக்கு வந்தவங்க," என்றான் அவர்களில் ஒருவன். தலைப்பாகையை அவிழ்த்துக் கையில் வைத்திருந்தான்.

"தொணைக்கு வந்தவன், வேடிக்கைக்கு வந்தவன், எல்லாம் ஒண்ணுதான். கேட்டுக்கு வெளில நில்லு. பேப்பர்லயே போட்டு நாறடிச்சிட்டானுவ."

ஆறேழு பேரும் கேட்டுக்கு வெளியே போனார்கள். அந்த அம்மாள் மட்டும் தூணோரம் நின்றாள். நீலமேகத்துக்கு இந்தக் காட்சி பிடித்திருந்தது. வேடிக்கை பார்க்க வந்தவர்கள் உள்ளே, விவகாரம் உள்ளவர்கள் வெளியே. அடுத்த வாரத்துக்கு ஒரு பத்தி தேறும் என்று நினைத்தான்.

கொஞ்ச நேரம் கழித்து அந்த அம்மாள் எட்டி எட்டிப் பார்த்தாள். அவளுடைய வக்கீல் விவசாயிகள் சங்கத்து வக்கீல்; எதிர்க் கட்டடத்தில் இன்னொரு வழக்கில் இருந்தார். கேட்டுப் பக்கம் திரும்பிக் கையைக் காட்டினாள். தூரம். அங்கிருந்து யாருக்கும் தெரியவில்லை. கடைசியில் பையை இடுக்கிக்கொண்டு அவளே வெளியே விரைந்தாள்.

அவள் போன சற்றைக்கெல்லாம் முருகையன் வாசலில் நின்று கூப்பிட்டார்.

"பூதலூர் காத்தாயி."

முருகையன் கூடத்தைச் சுற்றிப் பார்த்தார்.

"பூதலூர் காத்தாயி."

கூடம் முழுக்க ஆட்கள். எல்லோரும் ஆவலோடு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். யார் அந்தக் காத்தாயி என்று நீலமேகமும் திரும்பிப் பார்த்தான். மஞ்சள் பை அம்மாளுக்கு ஒரு பெயர் இருக்கும் என்பது அவனுக்குத் தோன்றியிருக்கவில்லை.

மூன்றாவது தடவையும் கூப்பிட்டார் முருகையன். மேடைமேல் இருந்த ஆபீசர் வழக்குக் கட்டை மூடினார். மனுதாரர் ஆஜராகாததால் தள்ளுபடி என்றார். எதிர்வரிசையில் வெற்றிலைப் பெட்டியும் கையுமாக உட்கார்ந்திருந்தவர் எழுந்து கும்பிட்டார். அவர் மிராசுதார் பஞ்சநதத்தின் காரியஸ்தர், காயாரோகணம்.

காத்தாயி வக்கீலைக் கூட்டிக்கொண்டு படியேறியபோது அடுத்த வழக்கு ஓடிக்கொண்டிருந்தது.

"நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா சட்டுனு முடிச்சிட்டாங்க," என்றார் ரயில்வே கார்டு.

நீலமேகம் எழுந்து வெளியே வந்தான். புங்கமரத்தடியில் அவர்கள் எல்லோரும் நின்றிருந்தார்கள். யாரும் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் அவனுக்கு அங்கிருந்து நகர்வது சுலபமாக இருந்திருக்கும்.

"நீ போனேன்னா ஒரு கொரல் குடுத்துட்டுப் போயிருக்கலாமுல்ல அண்ணி," என்றான் தலைப்பாகைக்காரன். அவள் கொழுந்தன், ரெத்தினம்.

"யாருகிட்ட குடுக்கிறது? உள்ள இருந்தவங்க எவங்க மூஞ்சி எனக்குத் தெரியும்?"

"எப்பவும் நாந்தான வாசல்ல நிப்பேன். கூப்பிட்டா 'இருக்காங்க'ன்னு சொல்ல."

"தெரியும்டா."

"காளியப்பன் வக்கீலைக் கூட்டியார ஓடுவான். மாமா அந்தாளு காரியஸ்தன் உள்ள போயி குசுகுசுங்கிறானான்னு பாத்துக்கும்..."

"தெரியும்டா. விடு."

சங்கத்து வக்கீல் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தபடி விளக்கிச் சொன்னார். அதையும் கேட்டுக்கொண்டு நின்றான் நீலமேகம். புருஷன் இருந்த காலத்திலிருந்து அவள் சாகுபடி செய்கிற நிலம். புருஷன் செத்ததும், குத்தகைக்காரன் அவன்தான், இவள் வெறும் கூலியாள் என்று மிராசு சொல்கிறது. குத்தகைக்காரி என்று அவள் பெயரைப் பதியச் சொல்லிப் போட்ட மனுதான் இப்போது தள்ளுபடி. மறுபடி எடுத்துக்கொள்ளச் சொல்லி மனுப் போடலாம். வைகாசி கடைசி வெள்ளிக்கிழமை எடுப்பார்கள். அன்றைக்கும் தவறினால் அவ்வளவுதான். வாய்க்காலில் தண்ணீர் வந்துவிடும். பஞ்சநதத்தின் ஏர் வயலில் இறங்கிவிட்டால் அப்புறம் எந்தக் கோர்ட்டும் அதைத் திருப்பி ஓட்டாது.

"அன்னிக்கு எல்லாரும் வந்துருங்க," என்றார் வக்கீல்.

ரெத்தினம் தலைப்பாகையைக் கட்டிக்கொண்டான். "நாங்க வரல சார். வேடிக்கை பாக்கிறவன்னு வெரட்டினப்புறம் எந்த மூஞ்சிய வெச்சிக்கிட்டு வர்றது? நாத்தங்கால் வேலையும் வந்துரும்."

காத்தாயி அவனை வா என்று சொல்லவில்லை. பையிலிருந்து சோற்று மூட்டையை எடுத்தாள். யாரும் சாப்பிடவில்லை. மறுபடி பைக்குள் வைத்தாள்.

அன்றைக்கு நீலமேகம் பொழுது சாயும்வரை நடந்தான். பிறகு அறைக்குப் போய், தன் வாழ்க்கையில் முதல் தடவையாக, நினைத்ததை நினைத்தபடி எழுதினான். 'குத்தகைக் கோர்ட்டுக்கு யாரும் போகாதீர்கள். அது வேடிக்கை இல்லை. நாம் பெஞ்சில் உட்கார்ந்ததால் ஒரு பெண்ணின் வழக்கு தள்ளுபடியாகிவிட்டது. போன வாரம் கொடுத்த ஐந்து விசிறியையும் திருப்பி எடுத்துக்கொள்கிறேன். இதை நான் சிரிப்பதற்காக எழுதவில்லை.'

ஒரு வார்த்தைகூட மாற்றாமல் மீரா உசேன் அச்சடித்தார்.

ஊர் விழுந்து விழுந்து சிரித்தது. "விசிறியைத் திருப்பி எடுத்துக்கறேன்னு எழுதியிருந்தார் பாருங்க," என்று டீக்கடையில் யாரோ யாரிடமோ சொன்னார். "கடைசி வரி இருக்கே, சிரிப்பதற்காக எழுதவில்லைன்னு, அங்கதான் எனக்குத் தாங்கலை," என்றார் பாயைப் பார்க்க வந்த சைக்கிள் கடைக்காரர். போகாதீர்கள் என்றதும், அதுவரை போகாதவர்களும் போனார்கள். கேட்டருகே கடலைக்காரருக்குத் துணையாக ஐஸ்காரர் வந்து சேர்ந்தார்.

நீலமேகம் அச்சாபீசில் காகிதக் கட்டின்மேல் உட்கார்ந்திருந்தான்.

"நெசமாத்தான் எழுதினேன் பாய்."

"தெரியும். நான் படிச்சிட்டுச் சிரிக்கலையே."

"அப்ப அவங்களுக்கு மட்டும் ஏன் தெரியலை?"

மீரா உசேன் எச்சில் தொட்டு ஒரு பக்கத்தைப் புரட்டினார். "மூணு வருஷமா ஒரே மூஞ்சியத்தானே காட்டிக்கிட்டிருக்கே. அவங்க எந்த வித்தியாசத்தைக் கண்டாங்க?" பிறகு, அதைத் தொடர விரும்பாதவர்போல, "இந்த வாரம் பக்கத்துக்கு என்ன தர்றே?" என்றார்.

"வெள்ளிக்கிழமை சொல்றேன்."

"வியாழக்கிழமை பத்திரிகைக்கு வெள்ளிக்கிழமை சொல்றியா?"

அவன் எழுந்து படியிறங்கினான். பாய் அந்தப் பக்கத்தில் கல்யாண வாழ்த்து போட்டுக்கொண்டார்.

வைகாசி கடைசி வெள்ளிக்கிழமை, கேட்டைத் திறப்பதற்கு முன்னாலேயே நீலமேகம் அங்கே இருந்தான். துவைத்துப் பெட்டி போட்ட வெள்ளைச் சட்டை. பையில் பேனா. திறந்ததும் நேராகப் போய், வாசல் நிலைக்குப் பக்கத்தில் முருகையனின் ஸ்டூலை ஒட்டி நின்றான். முருகையன் அவனை ஏற இறங்கப் பார்த்தார். சட்டையைப் பார்த்தார், பேனாவைப் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை.

பூதலூர் பாசஞ்சர் கூட்டம் வந்தது. காத்தாயி தனியாக வந்தாள். சுவரோர பெஞ்சு அதற்குள் நிறைந்துவிட்டது. தூணோரம் வந்து நின்றாள். நின்றவள், பக்கத்தில் இருந்தவனைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"நீங்க வக்கீல் குமாஸ்தாவா தம்பி?"

"இல்லங்க."

"காயாரோகணம் ஆளா?"

"இல்லங்க."

"பின்ன வேடிக்கை பாக்க வந்தீங்களா?"

"இல்லங்க," என்றான். இந்தப் பதில் மட்டும் வாயைவிட்டு வர நேரமாயிற்று.

"சும்மாவா யாரும் இந்த வெயில்ல வந்து நிப்பாங்க." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "எவனோ பேப்பர்ல எழுதிட்டானாம். எங்க பையி, எங்க சோறு, எல்லாத்தையும். ரெத்தினம் மவ படிச்சுக் காட்டிச்சு. சிரிப்பாத்தான் இருந்துச்சு, என்னத்தைச் சொல்றது. ஆனா கையில ஆம்புட்டான்னா விடமாட்டேன்."

"என்ன பண்ணுவீங்க?"

"என்ன பண்றது. நாத்தங்கால்ல எறக்கிவிட்டு நாள் பூரா நாத்துப் பறிக்க வுடுவேன். தனியாளா. தொணைக்கு ஆள் இல்லாம."

நீலமேகம் தலையாட்டினான். நியாயமான தண்டனை என்றுதான் அவனுக்கும் பட்டது.

ஒரு வழக்கு, இன்னொரு வழக்கு. சுற்றுகிற ஒரு மின்விசிறியும் அன்றைக்கு நின்றுபோனது. ஆபீசர் கட்டுகளைப் புரட்டுகிற சத்தமும், குழந்தைகள் கடலை உடைக்கிற சத்தமும். காத்தாயி வாசலுக்கும் தூணுக்குமாகத் தவித்தாள். சங்கத்து வக்கீல் இன்னும் வரவில்லை.

"போயிக் கூட்டியாங்க," என்றான் நீலமேகம்.

"பேரைக் கூப்பிட்டாங்கன்னா?"

"நான் நிக்கிறேன்ல."

அவள் அவனை நம்பிப் போனாளா, வேறு வழியில்லாமல் போனாளா என்பதை அவள் முகத்திலிருந்து கண்டுபிடிக்க முடியவில்லை. ஐந்தாறு அடி போய், திரும்பி வந்து, மஞ்சள் பையை அவன் கையில் கொடுத்துவிட்டுப் போனாள். கனமாக இருந்தது. சோற்று மூட்டையின் சூடு துணி வழியாகத் தெரிந்தது. ரயில்வே கார்டு பெஞ்சிலிருந்து அவனைப் பார்த்துக் கையசைத்து, பக்கத்தில் கொஞ்சம் இடம் ஒதுக்கிக் காட்டினார். நீலமேகம் பார்க்காதவன்போல நின்றான்.

முருகையன் எழுந்து பட்டையைச் சரிசெய்துகொண்டார்.

"பூதலூர் காத்தாயி."

"இருக்காங்க," என்றான் நீலமேகம்.

குரல் அவன் நினைத்ததைவிடப் பெரிதாக வந்துவிட்டது. கூடம் முழுவதும் திரும்பியது. மஞ்சள் பையைப் பார்த்ததும் பின்வரிசையில் சிரிப்பு கிளம்பியது. ஆபீசர் மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"எங்கே?"

"வக்கீலைக் கூப்பிடப் போயிருக்காங்க சார். வந்துக்கிட்டு இருக்காங்க."

காயாரோகணம் எழுந்தார். "மனுதாரர் இன்னிக்கும் ஆஜர் இல்லைங்க. போன தடவையும் இப்படித்தான். இவர் யாரு, எந்த ஊரு, ஒண்ணும் தெரியாதுங்க."

"நீ யாருப்பா?" என்றார் ஆபீசர்.

கல்லூரியில் இப்படி ஒரு கேள்வி வந்தால் சொல்வதற்கு நீலமேகத்திடம் எப்போதும் பதில் தயாராக இருக்கும். இப்போதும் இரண்டு மூன்று வந்தன. எல்லாமே நன்றாகத்தான் இருந்தன.

"தொணைக்கு வந்தவன் சார்," என்றான்.

பின்வரிசை கொல்லென்று சிரித்தது. இப்படி முகத்தை வைத்துக்கொண்டு சொன்னால் யாருக்குத்தான் சிரிப்பு வராது. ஆபீசர் சிரிக்கவில்லை, அவருக்கும் வேர்த்துக்கொண்டிருந்தது. பேனாவைக் கீழே வைத்தார். "கொஞ்சம் பார்ப்போம்," என்று கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். அவர் துடைத்து முடிப்பதற்குள் காத்தாயி மூச்சிரைக்கப் படியேறி வந்தாள். பின்னால் கறுப்புக் கோட்டில் ஒரு கையை மட்டும் நுழைத்துக்கொண்டு வக்கீல்.

தள்ளுபடியான மனுவை மறுபடி விசாரணைக்கு எடுத்துக்கொள்வதாக ஆர்டர் ஆனது. வழக்கு முடிகிறவரை அந்த நிலத்தில் வேறு யாரும் ஏர் இறக்கக்கூடாது என்று சங்கத்து வக்கீல் கேட்டதற்கு ஆபீசர் தலையை அசைத்து எழுதினார். காயாரோகணம் வெற்றிலைப் பெட்டியை மூடிக்கொண்டு, கும்பிடாமல் போனார். அடுத்த வாய்தா ஆடியில். தடை உத்தரவின் நகல் மட்டும் கையோடு வாங்கிக்கொண்டு போக வேண்டும், இல்லாவிட்டால் ஊரில் காட்ட ஒன்றும் இருக்காது என்றார் வக்கீல். அது டைப் ஆகி, கையெழுத்தாகி, முத்திரை விழுந்து வருவதற்குச் சாயங்காலம் ஆகும். டைப் அடிக்கிறவர் சாப்பிடப் போயிருந்தார்.

"நீங்க போங்க தம்பி. உங்களுக்கு ஆயிரம் சோலி இருக்கும்," என்றாள் காத்தாயி.

நீலமேகத்துக்கு எந்தச் சோலியும் இல்லை. இருந்திருந்தாலும், பை இன்னும் அவன் கையில்தான் இருந்தது.

புங்கமரத்தடியில் நிழல் ஒரு பக்கமாக ஒதுங்கியிருந்தது. அவள் மூட்டையை அவிழ்த்தாள். பழக்கத்தில் ஆறேழு பேருக்குக் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். இலைக்கிழிசலில் புளிச்சோறு வைத்து அவன் பக்கம் நகர்த்தினாள். கேட்டருகிலிருந்து கடலைக்காரரும் ஐஸ்காரரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வேடிக்கை பார்த்து முடித்த குடும்பம் ஒன்று படியிறங்கிப் போகிறபோது, அதில் ஒருவர், "அதோ பாரு, அதுதான் பேப்பர்ல வந்தது," என்று பிள்ளைகளுக்குக் கைநீட்டிக் காட்டினார்.

நீலமேகம் நிமிர்ந்து பார்க்கவில்லை. காத்தாயியின் முகத்தையும் பார்க்கவில்லை. சாப்பிட்டான். குழாயடிக்குப் போய்க் கை கழுவினான். திரும்பி வந்து, மறுபடி உட்கார்ந்தான்.